நாலு மணிக்குள் வாசலில் நில்லுங்கள்

அன்று பள்ளி திறக்க ஒரு வாரம்தான் இருந்தது. என் தையல் மெஷினைச் சுற்றி நீலப் பினஃபோர்கள் குவிந்து கிடந்தன. மூன்றரைக்குப் பிடித்த மழை விடுவதாக இல்லை. நிமிர்ந்து பார்த்தால் எங்கள் வீட்டுத் தகரக் கூரைக்குக் கீழே வெள்ளைக்காரக் கணவன் மனைவி இருவர், மூட்டை கட்டிய இரண்டு சைக்கிளோடு ஒடுங்கி நிற்கிறார்கள். "இந்த மழையில எங்கே போவாங்க, உள்ளே வரச் சொல்லு" என்றார் என் வீட்டுக்காரர். வந்தார்கள். சார்டின் சம்பலும் சோறும் சாப்பிட்டுவிட்டு ஹாலில் பாய் விரித்துப் படுத்தார்கள்.

எங்கள் ஊர் மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயா. பழைய ஆட்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்வோம். அந்தப் பிரெஞ்சுக்காரர் ராத்திரி ஒரு கதை சொன்னார். எங்கள் ஊரை ஒட்டிய தென்னமரம் தோட்டத்தில்தான் 1917ல் இந்த நாட்டிலேயே முதல் தடவையாக வியாபாரத்துக்கென்று செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை, நட்டார்களாம். நட்ட துரை அவர் நாட்டுக்காரராம், பெயர் ஹென்றி ஃபோக்கோனியே. என் மாமனார் ஆயுசு முழுக்கச் செம்பனைக் குலை வெட்டியவர். அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. தென்னமரம் என்றால் அர்த்தம் என்ன என்று நான் சொன்னதும் அந்த அம்மா சிரித்த சிரிப்பு இருக்கிறதே! செம்பனைத் தோட்டத்துக்குத் தென்னை மரம் என்று பெயர்.

மறுநாள் அவர்கள் போனதும் என் வீட்டுக்காரர் பின்கட்டில் கிடந்த பழைய சைக்கிளை வெளியே உருட்டிக்கொண்டு வந்தார். இரண்டு வருஷம் கழித்து நாங்களும் கிளம்பினோம். அவருக்கு 61, எனக்கு 57. இங்கிருந்து பினாங்கு வரைக்கும் கடலோரப் பக்கமாக ஏறக்குறைய 350 கிலோமீட்டர், எட்டு நாள். ஒரே ஒரு ராத்திரிதான் ஹோட்டல், மற்றதெல்லாம் யார் யாரோ வீடு. அதற்கப்புறம் இன்னும் மூன்று பயணம் போயாயிற்று. எங்கள் வீட்டுக்கு வந்து தங்கிய சைக்கிள்காரர்களும் இருபது பேருக்கு மேல் இருப்பார்கள். கதவுக்கு உள்ளேயும் நின்றிருக்கிறேன், வெளியேயும் நின்றிருக்கிறேன். கணவன் மனைவியாகச் சைக்கிளில் போய் வீடுகளில் தங்கவேண்டும் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தூரம்

முதல் பயணத்தின் முதல் நாளே சபாக் பெர்ணம் வரை போய்விடுவது என்று முடிவு கட்டினோம். கோலா சிலாங்கூர், தஞ்சோங் காராங், செகிஞ்சான், சுங்கை புசார், எல்லாம் ஒரே மட்டமான ரோடு. 80 கிலோமீட்டருக்குச் சற்று மேலே, என்ன பெரிய தூரம் என்ற நினைப்பு. தங்குவதற்குச் சொல்லி வைத்திருந்தது எங்கள் பழைய தோட்டத்து டிரைவர் அண்ணன் வீடு. செகிஞ்சான் தாண்டியதும் எதிர்க்காற்று, அப்புறம் மழை, அப்புறம் இவருடைய பின் டயரில் ஓட்டை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டே முக்கால். நாட்டுக்கோழிக் குழம்பு வைத்துவிட்டு, விருந்தாளி வராமல் எப்படிச் சாப்பிடுவது என்று அண்ணி அதுவரை உட்கார்ந்திருந்தார். அவருக்குச் சர்க்கரை வியாதி. எனக்குச் சோறு இறங்கவில்லை.

அன்று வைத்துக்கொண்டதுதான் இந்த நாலு மணிக் கணக்கு. நம் ஊரில் இருட்ட ஏழரை ஆகும் என்பதால் ஆறு, ஆறரை வரைக்கும் ஓட்டலாம் என்று தோன்றும். ஓட்டலாம்தான். ஆனால் பெரிய மழை பெரும்பாலும் மூன்றுக்கு மேல்தான் இடியோடு வரும். ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் கேட்கவே வேண்டாம். வீட்டுக்காரர்களுக்கும் நாலு மணிதான் தோது. நாம் குளித்து, துணி அலசிப் போட்டு, அடுப்படியில் வெங்காயம் உரிக்கும் நேரத்தில் போய் உட்கார்ந்துவிட்டால் அவர்கள் சமையலும் தள்ளிப் போகாது, பிள்ளைகள் படிப்பும் கெடாது. ராத்திரி எட்டு மணிக்குப் போய் நிற்பவர் அவர்களுக்கு ஒரு சோலி. நாலு மணிக்கு வருபவர் பேச்சுத் துணை.

ஆகவே முதலில் எந்த வாசல் என்று முடிவு செய்யுங்கள், அதற்கப்புறம் ரோட்டைப் பாருங்கள். புதிதாகக் கிளம்புகிற, எங்கள் வயதுக்காரர்களுக்கு ஒரு நாளைக்கு 50 கிலோமீட்டர் போதும். காலை ஏழு மணிக்கு வெளிச்சம் வந்ததும் கிளம்பி, பதினொன்றுக்குள் முக்கால் தூரம் முடித்து, வெயில் உச்சியில் ஒரு மணி நேரம் கடை நிழலில் உட்கார்ந்துவிட்டு, மிச்சத்தை மெதுவாக உருட்டினால் இரண்டு இரண்டரைக்குப் போய்விடலாம். ஒன்றரை மணி நேரம் கையில் மிச்சம் இருக்கும். டயர் பஞ்சரானால் அதில் கழித்துக்கொள்ளுங்கள். எதுவும் நடக்கவில்லையென்றால் ஊருக்கு வெளியே ஒரு கடையில் தே ஓ (பால் விடாத தேநீர்) குடித்துவிட்டுப் போங்கள். ஒரு மணிக்கே போய்க் கதவைத் தட்டினால் அதுவும் தொல்லைதான். அந்த வீட்டம்மா அப்போதுதான் கொஞ்சம் தலை சாய்த்திருப்பார்.

இப்போது யாராவது என்னைக் கேட்டால் இப்படித்தான் பிரித்துக் கொடுக்கிறேன்: முதல் நாள் செகிஞ்சான், இரண்டாம் நாள் பெர்ணம் ஆற்றுப் பாலம் ஏறி இறங்கி ஊத்தான் மெலிந்தாங், மூன்றாம் நாள் சும்மா 20 கிலோமீட்டர் உருட்டித் தெலுக் இந்தான். அங்கே 1885ல் கட்டிய சாய்ந்த கோபுரத்துக்குக் கீழே ஒரு சாயங்காலம் உட்காரலாம். பிறகு சித்தியவான், புருவாஸ், தைப்பிங், பாகான் செராய், பட்டர்வொர்த். பாகான் செராய்ப் பக்கம் இரண்டு புறமும் வயல்தான், 1906ல் திறந்த கிரியான் நீர்ப்பாசனத்து வயல்கள். மரமே இல்லை, எனவே அந்தப் பாதையை ஒன்பதரைக்குள் கடந்துவிடுங்கள். பினாங்குப் பாலத்தில் சைக்கிள் விடமாட்டார்கள், பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறவேண்டும்.

ரோடு பற்றி இரண்டே வார்த்தை. டோல் நெடுஞ்சாலையில் சைக்கிளுக்கு இடமில்லை, அந்தப் பக்கமே திரும்பாதீர்கள். கடலோரமாகப் போகும் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில் மோட்டார் சைக்கிள் ஓடுகிற இடது ஓரம்தான் நம் இடம். குலை ஏற்றிய லாரி கடக்கும்போது அடிக்கிற காற்று முதலில் உங்களை வெளியே தள்ளும், லாரி போனதும் உள்ளே இழுக்கும். கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காமல் முழங்கையைத் தளர்த்தி வையுங்கள். கண்ணாடி ஒன்று கட்டாயம் மாட்டுங்கள்.

வண்டியும் பையும்

சைக்கிளைப் பற்றி என் வீட்டுக்காரரிடம் கேட்டால் ராத்திரி பூராவும் பேசுவார். அவர் பனையெண்ணெய் ஆலையில் முப்பது வருஷம் ஃபிட்டர். சுருக்கமாகச் சொல்கிறேன். இரும்புச் சட்டம், 26 அங்குலச் சக்கரம், ஒன்றே முக்கால் அங்குல டயர். எங்கள் ஊர்ச் சின்னக் கடையிலும் இந்த அளவுக்கு டியூப் கிடைக்கும். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்தால் கால் நேராக நீளவேண்டும், அதுதான் சரியான உயரம். ஆளுக்கு இரண்டு டியூப், ஒட்டுகிற சாமான், பம்ப், ஒரு பிரேக் ஒயர், நாலு ஆரக்கம்பி, செயின் எண்ணெய். இருவர் சைக்கிளும் ஒரே சக்கர அளவாக இருந்தால் பாதிச் சாமான் மிச்சம்.

செம்பனைத் தோட்டத்துக்குள் குறுக்கு வழி என்று ஆசைப்பட்டு நுழையாதீர்கள். முதலாவது, ஜாகாவிடம் (காவலாளியிடம்) சொல்லாமல் உள்ளே போகக்கூடாது. இரண்டாவது, வெட்டிப் போட்ட மட்டையின் அடியில் வரிசையாக முள் இருக்கும். அது டயருக்குள் போய் ஒடிந்துவிட்டால் கண்ணுக்கே தெரியாது. டியூப் மாற்றும் முன் டயரின் உள்பக்கத்தை ஒரு பழைய துணியால் சுற்றித் துடையுங்கள், துணி மாட்டுகிற இடத்தில் முள். இதைச் செய்யாமல் இவர் அன்று ஒரே ஓட்டையை இரண்டு தடவை ஒட்டினார்.

பையைப் பற்றி நான் பேசலாம். கடையில் விற்கிற சைக்கிள் பை ஒரு ஜோடி விலையைக் கேட்டுவிட்டு, நானே தைத்தேன். லாரிக்குப் போடுகிற கான்வாஸ் துணி மூன்று மீட்டர். ஊசி பதினெட்டாம் நம்பர், நூல் நைலான். பருத்தி நூல் மழையில் இற்றுவிடும். வாயில் ஜிப் வைக்காதீர்கள், ஜிப்பில்தான் தண்ணீர் இறங்கும், உப்புக் காற்றில் பல்லும் துருப்பிடிக்கும். வாயை உயரமாக விட்டு மூன்று சுற்று சுருட்டி, பக்கிள் போட்டு இறுக்கிவிடுங்கள். உள்ளே ஓர் உர மூட்டையின் பிளாஸ்டிக் உறையைக் கழுவிக் காயவைத்துப் போட்டால் ஒரு சொட்டு இறங்காது. பையின் முதுகு விறைப்பாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் ஆரத்தில் மாட்டும். நான் தேர்தல் முடிந்து தூக்கிப்போட்ட பிளாஸ்டிக் பலகையை வெட்டி வைத்தேன். வேட்பாளர் முகம் உள்பக்கம் பார்த்தபடி எங்களோடு பினாங்கு வரைக்கும் வந்தார். தொங்கவிட ஹார்ட்வேர் கடைக் கொக்கி இரண்டு, அடியில் இழுத்துக் கட்டப் பழைய டியூபில் வெட்டிய ரப்பர் பட்டை.

ஒன்றை மட்டும் முதல் ஜோடியில் தப்பாகச் செய்தேன். பையைக் கேரியரின் நடுவில் தொங்கவிட்டதால் ஒவ்வொரு மிதிக்கும் குதிகால் பையில் இடித்தது. கொக்கியை நாலு விரல்கடை பின்னால் தள்ளித் தைத்ததும் சரியாகிவிட்டது. கனமானது அடியில், இடமும் வலமும் ஒரே எடை. என் பாரம் 9 கிலோ, அவருடையது 13. மூன்று செட் துணி எதற்கு? ஓட்டுகிற துணி ஒன்று, வீட்டில் உடுத்துகிற துணி ஒன்று. அந்த இரண்டாவது செட் அடுத்தவர் வீட்டு ஹாலில் உட்காரத் தகுந்ததாக இருக்கவேண்டும். நான் ஒரு காட்டன் சுடிதார் வைத்திருப்பேன், அவருக்கு ஒரு கைலியும் சட்டையும்.

வீடு கிடைப்பது எப்படி

மூன்று வழி இருக்கிறது. ஒன்று வார்ம்ஷவர்ஸ் என்கிற இணையக் குழு. சைக்கிளில் ஊர் ஊராகப் போகிறவர்களுக்கென்றே 1993ல் தொடங்கியது. இன்று நீங்கள் போய்த் தங்குகிறீர்கள், நாளை உங்கள் வீட்டில் ஒருவரைத் தங்க வைக்கிறீர்கள், நடுவில் காசு இல்லை. புதிதாகச் சேருபவர்களிடம் மட்டும் ஒரு கட்டணம் வாங்குகிறார்கள். பெயரின் அர்த்தம் வெந்நீர்க் குளியல். இந்த வெயிலில் வெந்நீர் யாருக்கு வேண்டும்! எங்கள் வீட்டில் தொட்டித் தண்ணீர்தான், வந்தவர்கள் யாரும் இதுவரை குறை சொன்னதில்லை. அங்கே ஒரு வீட்டைத் தேர்ந்தெடுக்கும் முன் முன்பு தங்கியவர்கள் எழுதியதை ஒன்றுவிடாமல் படியுங்கள், முக்கியமாகப் பெண்கள் எழுதியதை.

இரண்டாவது, நம் சனம். கித்தா (ரப்பர்) மரத்தைச் சாய்த்துச் செம்பனை நட்டபோதும், தோட்டத்தை விற்று வீடமைப்பு வந்தபோதும் லயத்து வீடுகளில் ஒன்றாக இருந்தவர்கள் திசைக்கொருவராகப் போனார்கள். இன்று அவர்கள் ஏதாவது ஒரு தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) இருக்கிறார்கள், ஆனால் பழைய தோட்டத்துப் பெயரில் ஒரு வாட்ஸ்அப் குழு கட்டாயம் இருக்கும். அதில் "நாங்கள் சைக்கிளில் பினாங்கு போகிறோம், வழியில் யார் இருக்கிறீர்கள்" என்று போட்டேன். அரை மணி நேரத்தில் ஐந்து வீடு. இரண்டு பேரை நான் பார்த்தே முப்பது வருஷம் இருக்கும். உங்களுக்குத் தோட்டத்துத் தொடர்பு இல்லையென்றால் போகிற ஊர்த் தமிழ்ப்பள்ளியை மனதில் வையுங்கள். வழி தெரியாமல் நின்றாலும் "செக்கோலா தமில்" எங்கே என்று மலாய்க்காரர், சீனர் யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள், அங்கிருந்து நம்மவர் வீடு கூப்பிடு தூரம்தான்.

மூன்றாவது, கோயில். தலைவரிடமோ செயலாளரிடமோ முன்கூட்டியே கேட்டால் மண்டபத்தில் படுக்க விடுவார்கள். திருவிழா நாளாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சில ஊர்களில் சீக்கியர்களின் குருத்வாராவும் இருக்கும், அங்கே தங்க முடியுமா என்று போன் போட்டுக் கேளுங்கள். தலையில் துணி கட்டவேண்டும், சிகரெட்டும் மதுவும் கூடாது, சாப்பிட்ட பிறகு பாத்திரம் கழுவுகிற இடத்தில் போய் நில்லுங்கள்.

எப்படிக் கேட்பது என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. "அந்தப் பக்கம் வந்தால் எட்டிப் பார்க்கிறோம்" என்று சொல்லாதீர்கள். அவர்கள் என்ன சமைப்பது, எப்போது வீட்டில் இருப்பது என்று தெரியாமல் தவிப்பார்கள். நான் அனுப்புகிற செய்தி இதுதான்:

"அண்ணே, வணக்கம். நான் இன்னார் மகள், இன்ன தோட்டம். நானும் வீட்டுக்காரரும் வர்ற செவ்வாய்க்கிழமை சைக்கிள்ல உங்க ஊர் வழியா போறோம். நாலு மணிக்கு வந்து, புதன்கிழமை காலையில ஏழு மணிக்குக் கிளம்பிடுவோம். ஒரு ராத்திரி ஹால்ல படுக்க இடம் இருந்தா போதும். சைக்கிள் ரெண்டையும் உள்ளே நிறுத்தணும். எல்லாம் சாப்பிடுவோம், மாட்டிறைச்சி மட்டும் இல்லை. தோதுப்படலன்னா தயங்காம சொல்லுங்க, பக்கத்துல ஹோட்டல் இருக்கு."

வயதானவர்களுக்கு இதையே குரல் பதிவாக அனுப்புகிறேன். கடைசி வரியைச் சும்மா மரியாதைக்காகச் சேர்க்கக்கூடாது, உண்மையிலேயே ஹோட்டல் நம்பர் ஒன்றைக் கையில் வைத்திருங்கள். தைப்பிங்கில் எங்களுக்குச் சொல்லியிருந்த வீட்டில் அன்று மதியம் பிள்ளைக்குக் காய்ச்சல். "பரவாயில்லைம்மா, நீங்க பிள்ளையைப் பாருங்க" என்று உடனே சொல்ல முடிந்தது. மழைக்குப் பேர்போன ஊர் அது, நாங்கள் ஹோட்டல் ஜன்னலில் உட்கார்ந்து நன்றாக மழை பார்த்தோம். போகிற இடம் மனதுக்குச் சரியாகப் படவில்லையென்றாலும் அதே நம்பர்தான். வாசலோடு நன்றி சொல்லித் திரும்புவதில் வெட்கமே வேண்டாம். தங்குகிற வீட்டு விலாசத்தைத் தினமும் பிள்ளைகளுக்கு அனுப்பிவிடுங்கள்.

தீபாவளிக்கு முந்தின வாரம் யாரையும் கேட்காதீர்கள். கேட்டால் முறுக்குப் பிழியத் தயாராகப் போங்கள்.

வாசலில் இறங்கியதும்

முதலில் சைக்கிளைக் கழுவ எங்கே தண்ணீர் என்று கேளுங்கள். செம்மண் சேற்றோடு டைல்ஸ் தரையில் ஏற்றினால் அந்த வீட்டம்மா வாயால் ஒன்றும் சொல்லமாட்டார், மனசுக்குள் சொல்வார். அடுத்து நீங்கள் குளியுங்கள். நாள் முழுக்க வெயிலில் வெந்த உடம்பின் வாடை நமக்குத் தெரியாது. தொட்டியில் எடுத்த தண்ணீரைத் திரும்ப நிரப்பி வையுங்கள். உள்ளாடையை வெளிக்கொடியில் காயப்போடாதீர்கள், ஹேங்கரில் மாட்டி மேலே துண்டைப் போட்டு ஃபேன் பக்கம் வைத்தால் காலைக்குள் காய்ந்துவிடும்.

வெறுங்கையோடு போகாதீர்கள். என்ன கொண்டு போவது என்பதில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். முதல் தடவை மைலோ டின் நிறைய முறுக்கு. 80 கிலோமீட்டர் குலுங்கியதில் சபாக் பெர்ணம் போய்த் திறந்தால் மாவு. அடுத்த தடவை அதிரசம். வெயிலில் எண்ணெய் கக்கிப் பையெல்லாம் நாசம். எள்ளுருண்டைதான் பிழைத்தது. இப்போது வீட்டுக்கு இருபது உருண்டை என்று கணக்குப் போட்டுப் பிடித்துக்கொண்டு போகிறேன். மூன்றாம் நாளுக்குப் பிறகு வழியில் வாங்கிய பழம்.

அதைவிட நல்ல கைமுதல் உங்களுக்குத் தெரிந்த வேலை. என் பையில் ஒரு சின்ன டப்பா இருக்கிறது: ஊசி நாலு, கறுப்பு, வெள்ளை, நீல நூல், ஹூக்கு, பட்டன், இலாஸ்டிக். சாப்பாட்டுக்குப் பிறகு, "அக்கா, ஏதாச்சும் பிரிஞ்சது கிழிஞ்சது இருந்தா கொண்டாங்க" என்பேன். முதலில் வேண்டாம் என்பார்கள். அப்புறம் ஒரு ரவிக்கை வரும், அதன் பின்னால் பள்ளிக்கூடப் பாவாடை, தலையணை உறை என்று வரிசையாக வரும். தைக்கிற கையைப் பார்த்துக்கொண்டே அவர்கள் பேச ஆரம்பிப்பார்கள். யார் எந்தத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டினார்கள், எந்தக் கிராணி (தோட்டத்துக் குமாஸ்தா) கணக்கில் கை வைத்தான், எல்லாம் வரும். இவர் வெளியே பேரப்பிள்ளைகளின் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு பிரேக் சரி செய்துகொண்டிருப்பார். உங்களுக்குத் தையல் தெரியவேண்டியதில்லை. முடி வெட்டத் தெரியுமா, கணக்குச் சொல்லித் தரத் தெரியுமா, போனில் எழுத்தைப் பெரிசாக்கத் தெரியுமா, அது போதும். வயதானவர் வீட்டில் அந்த எழுத்து வேலைக்குத்தான் மதிப்பு அதிகம்.

சோற்றை முதலில் கொஞ்சமாகப் போடச் சொல்லுங்கள். எப்படியும் இரண்டாம் தடவை வரும், அதை மறுக்கக்கூடாது. புருவாஸில் ஒரு மலாய்த் தம்பதி வீட்டில் தங்கினோம். அந்த மக்சிக் (வீட்டம்மா) எங்களுக்கென்று மீன் சுட்டு, மாட்டிறைச்சிச் சட்டியைத் தனியாக வைத்திருந்தார். நான் அனுப்பிய செய்தியை அவ்வளவு கவனமாகப் படித்திருக்கிறார். முஸ்லிம் வீட்டுக்கு மதுவோ பன்றி இறைச்சி கலந்த எதுவுமோ பையில்கூட வேண்டாம். நோன்பு மாதமானால் நோன்பு திறக்கும் நேரத்துக்கு முன்பே போய்விடுங்கள், பகலில் அவர்கள் எதிரே தண்ணீர்ப் பாட்டிலைத் தூக்காதீர்கள். விடிவதற்கு முன் தொழுகைக்கு அவர்கள் எழும்போதே நாமும் எழுந்துவிட்டால் கிளம்பத் தோது.

படுக்கை விஷயம். நம் சனத்தின் வீடுகளில் பெரும்பாலும் என்னை உள்ளே பெண்களோடும் இவரை ஹாலில் ஆண்களோடும் படுக்க வைப்பார்கள். சில சோடிகளுக்கு இது சங்கடமாக இருக்கும். எனக்கு அதுதான் பிடிக்கும், அவர் குறட்டையிலிருந்து ஒரு ராத்திரி விடுதலை. கொசுவத்தி, சின்னக் கொசுவலை நீங்களே கொண்டு போங்கள்.

"ஏன் இந்த வயசுல சைக்கிள்? காடி (கார்) இல்லையா? பிள்ளைங்க பார்க்கலையா?" இந்த மூன்று கேள்வியும் எல்லா வீட்டிலும் வரும். சிரித்துக்கொண்டே பதில் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். ஒரு ராத்திரிதான் என்று சொல்லியிருந்தால் ஒரு ராத்திரிதான். காலையில் பசியாறாமல் விடமாட்டார்கள், ஆகவே பசியாற அரை மணி நேரத்தையும் சேர்த்தே கிளம்பும் கணக்குப் போடுங்கள். போர்த்திக்கொண்டதை மடித்து வைத்து, பாயைச் சுருட்டி, அடுத்த ஊர் போய்ச் சேர்ந்ததும் "வந்து சேர்ந்தோம்" என்று ஒரு வரி அனுப்பிவிடுங்கள். அந்த வரி வரும்வரை அவர்கள் ரோட்டையே நினைத்துக்கொண்டிருப்பார்கள். நாங்களும் அப்படித்தான், வந்து தங்கியவர்கள் போன பிறகு.

இருவர் இரண்டு சைக்கிள்

மெதுவாக ஓட்டுபவர் முன்னால் போகவேண்டும். இது மாறவே கூடாது. வேகமானவர் முன்னால் போனால் பின்னால் வருபவருக்கு நாள் முழுக்கத் துரத்துகிற வேலைதான், சாயங்காலம் சண்டை நிச்சயம். எங்கள் வண்டியில் மணி இருக்கிறது: ஒரு அடி அடித்தால் லாரி வருகிறது, இரண்டு அடித்தால் நிறுத்து, விடாமல் அடித்தால் நாய். நாய் துரத்தினால் இறங்கி, சைக்கிளை நடுவில் விட்டு மெல்ல நடங்கள். நாய் தன் எல்லை முடிந்ததும் திரும்பிவிடும்.

சித்தியவானில் நடுரோட்டில் எங்களுக்கு ஒரு பெரிய சண்டை. அவர் போனைப் பார்த்து இடப்பக்கம் என்கிறார், நான் கடைக்காரரைக் கேட்டு வலப்பக்கம் என்கிறேன். இரண்டு வழியும் ஒரே இடத்துக்குத்தான் போயிருக்கும் என்பது பிறகு தெரிந்தது. அன்றிலிருந்து ஒரு நாள் அவர் வழி, மறுநாள் என் வழி. தப்பாகப் போனாலும் மற்றவர் வாய் திறக்கக்கூடாது. இன்னொன்று, பன்னிரண்டு மணிக்கு மேல் கோபம் வந்தால் முதலில் தண்ணீர் குடிக்கவேண்டும். பாதிக் கோபம் தாகம்தான். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் எப்போதும் இருக்கட்டும், சட்டைப் பையில் நாலு ஆசாம் போய் (உப்புப் போட்டுக் காயவைத்த புளிப்புப் பழம்). வியர்வையில் போகிற உப்புக்கு அதைவிடச் சுகமான மருந்து கிடையாது.

எட்டு நாளைக்கு இருவருக்கும் சேர்த்து எங்களுக்கு ஆன செலவு 400 வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு)ச் சற்று மேல். அதில் கால்வாசிக்கு மேல் அந்த ஒரு ஹோட்டல் ராத்திரி.

காசு என்றதும் ஒன்று. தங்கிய வீட்டில் காசை நீட்டாதீர்கள், முகம் வாடிவிடும். ஆனால் அவர்கள் உங்களிடம் கொடுத்தால்? ஊத்தான் மெலிந்தாங்கில் எங்களைத் தங்க வைத்த வீட்டில் எண்பது வயதுக்கு மேலான பாட்டி ஒருவர். சபாக் பெர்ணம் ஓட்டத்தால் மறுநாள் கால் எழும்பாமல் 20 கிலோமீட்டரிலேயே நாங்கள் போய் விழுந்த வீடு அது. நாங்கள் ஏதோ நேர்த்திக்கடனுக்குத்தான் சைக்கிளில் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிறோம் என்று அவர் முடிவே கட்டிவிட்டார். இல்லை பாட்டி, சும்மா ஊர் சுற்றுகிறோம் என்று எவ்வளவு சொல்லியும் காதில் ஏறவில்லை. கிளம்பும்போது முந்தானையை அவிழ்த்துப் பத்து வெள்ளியை என் கையில் திணித்து, "என் பேரைச் சொல்லி உண்டியல்ல போட்டுடும்மா" என்றார்.

அப்படிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், தனியாக முடிந்து வையுங்கள். எங்கள் திட்டத்தில் தண்ணீர்மலை இல்லவே இல்லை. ஆனாலும் பினாங்கில் இறங்கிய மறுநாள் காலையில், எட்டு நாள் மிதித்த முட்டியோடு, 500க்கும் மேற்பட்ட படி ஏறி உண்டியலில் போட்டோம். இவர் ஒவ்வொரு ஐம்பது படிக்கும் ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தார், நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். மேலேயிருந்து படம் எடுத்துப் பாட்டியின் பேத்திக்கு அனுப்பினேன். சாயங்காலம் குரல் பதிவு வந்தது, பாட்டியேதான்: "ரொம்ப சந்தோஷம்மா. அடுத்த தடவை வரும்போது பஸ்ஸுல வாங்க."